மேஸ்திரி பேசுறான்

கூண்டு இடிக்குதாண்ணே? இருங்க, மடியில வெச்சுக்கிறேன். நீங்க காலை நல்லா நீட்டி உக்காருங்க. கரூர் வரைக்கும்தானே? நானும் கரூருதான். அப்பச் சரி, நமக்குப் பொழுது போயிரும்.

இதுலயா? அணிலு. பேரு மேஸ்திரி. துண்டைத் தூக்கிறாதீங்க, கூச்சப்படுவாரு. இப்பப் பேசுவாரு, கேளுங்க.

ச்சிக்… ச்சிக் ச்சிக் ச்சிக்…

கேட்டுச்சா? முன்சீட்டு அம்மா திரும்புது பாருங்க. ஒன்னுமில்லம்மா, அணிலுதான், கடிக்காது.

இவ்வளவு நேரம் என் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க, வாய் அசைஞ்சுச்சா? அசையாது. அங்கதான் இருக்கு விசயம். நாந்தாண்ணே கத்துனேன். கூண்டுல ஒன்னும் கிடையாது. வெறுங்கூண்டு. என்ன, தள்ளி உக்காருறீங்க? வெறுங்கூண்டுக்குத் துண்டு போத்தித் தூக்கிட்டுத் திரியிறானே, இவன் ஒரு மாதிரியான்னு பாக்குறீங்களா? இல்லண்ணே. நல்ல நிதானத்துலதான் இருக்கேன். சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பேரு சன்னாசி. திண்டுக்கல்லுல ஜவுளிக்கடை வாசல்ல நின்னு ஆளுகளக் கூப்பிடுறது என் வேலை. "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா, எடுக்காட்டியும் பரவால்ல, ஃபேனுக்கு அடியில ஒக்காந்துட்டுப் போங்க." அதான் நான். படிப்பெல்லாம் ஒன்னுமில்ல, தொண்டைதான் நமக்கு முதலு. எவன் குரலையும் ஒருவாட்டி கேட்டாப் போதும், உள்ள போய் ஒக்காந்துக்கிரும். எங்க முதலாளி குரல்ல நான் "பில்லைப் போடு"ன்னா கல்லாவுல இருக்குற பையன் எந்திரிச்சு நிப்பான். முதலாளிக்கும் தெரியும். சிரிப்பாரு. எங்க வீட்டம்மா பஞ்சவர்ணம் மட்டும் சிரிக்க மாட்டா. "ஊரு குரலெல்லாம் பேசுற, உன் குரலு எதுய்யா"ம்பா. அவ கெடக்கா.

அணிலு எம்மவ கொண்டாந்தது. நாகஜோதி. பன்னண்டாப்பு படிக்கிறப்ப, பள்ளிக்கூடத்து வேப்பமரத்துல இருந்து விழுந்து கெடந்துச்சுன்னு தாவணியில முடிஞ்சு கொண்டாந்தா. கண்ணு தொறக்கல, உடம்புல முடியே இல்ல, சேமியா மாதிரி இருந்துச்சு. "தூக்கிப் போடு கழுத, பொழைக்காது"ன்னேன். பொழைக்க வெச்சுட்டா. அது பெருசாகி, வால நிமுத்திக்கிட்டு செவுத்து மேல நடக்குறதும், ஒவ்வொரு மூலையா நின்னு நின்னு பாக்குறதும், வேலைக்கு வந்த மேஸ்திரி பூச்சு சரியா இருக்கான்னு பாக்குற மாதிரியே இருக்கும். நாந்தான் பேரு வெச்சேன். 

எம்மவகிட்ட மட்டுந்தான் அது போகும். அவ நைட்டி கைக்குள்ள பூந்து தூங்கும். அவ ஒன்னு சொன்னா திருப்பி ச்சிக்குங்கும். ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கும். எங்ககிட்ட சொல்லாததெல்லாம் அதுகிட்ட சொல்லுவா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு அணிலு மாதிரி பதில் குடுப்பேன், அவ விழுந்து விழுந்து சிரிப்பா. "அப்பா, இது நீங்க"ம்பா. டக்குனு கண்டுபிடிச்சிருவா. அப்பல்லாம் நான் சரியாப் பழகல.

போன மாசியில கல்யாணம். மாப்ள கரூர்ல பஸ்ஸு கட்டுற பட்டறையில வேலை. நல்ல குடும்பம்னு சொல்லித்தான் குடுத்தோம். மேஸ்திரியையும் கொண்டுபோறேன்னு கேட்டா. சம்பந்தியம்மா ராமாத்தா என்ன சொல்லுச்சு தெரியுமா? இருங்க, அந்தம்மா மாதிரியே சொல்றேன். "ஏனுங் சம்பந்தி, மருமக வருவான்னு பாத்தா நீங்க மிருகக்காட்சி சாலையவே அனுப்பறீங்ளாட்ட இருக்குதுங்." 

நல்லாருக்குல்ல? அந்தம்மா குரலு எனக்கு அப்படியே வரும். தெனம் போன்ல கேக்குறேன்ல. எம்மவகிட்ட பேசுறப்ப பின்னாடி அந்தம்மா சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், ரேடியோ மாதிரி. "அந்தச் சோத்த எதுக்கு இத்தன போட்டுக்கற, ராத்திரிக்கு ஆகும் எடுத்து வெய்யி." "உங்கூட்ல இதைக்கூடச் சொல்லித் தர்லியா சாமி." "போன் பேசினது போதும், இங்க குடு." ஒரு எழுத்துக் கொறையாமச் சொல்லுவேன். கடையில பொண்ணுங்களுக்கு நடிச்சுக் காட்டுவேன், வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குங்க. ஒரு பொண்ணு மட்டும் சிரிக்காம எந்திரிச்சுப் போயிருச்சு. அதுக்கு அன்னைக்கி என்ன கவலையோ.

சரி, மேஸ்திரிக்கு வாரேன். எம்மவ போனதுல இருந்து அது கொடிக்கயித்துலயே கெடந்துச்சுண்ணே. அவ துணி காயப்போடுற கயிறு. கயித்துல இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் ஓடும், நின்னு மோந்து பாக்கும், மறுபடியும் ஓடும். ஒரு நாளு அங்க இருந்து பொத்துனு விழுந்துச்சு. அணிலு எங்கயாச்சும் விழுமா? விழுந்து, எந்திரிச்சு, பின்னங்காலு ரெண்டையும் இழுத்துக்கிட்டே போச்சு. முன்னங்கால ஊனி ஊனி. எம்மவகிட்ட போன்ல அதை மட்டும் சொன்னேன். 

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். எல்லாரும் ஆடும் மாடும் ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிறானுங்க, நான் சட்டப் பையில மேஸ்திரியப் போட்டுக்கிட்டு நிக்கிறேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணு. மூக்காலயே பேசும். "இதெல்லாம் வீட்ல வளக்கக் கூடாது, தெரியுமா உங்களுக்கு? என்ன குடுக்குறீங்க சாப்பிட?" பிஸ்கட்டும் பாலும்மான்னேன். "எலும்புல சத்தே இல்ல. வெயில்ல விடணும். லேட்டாக் கொண்டாந்திருக்கீங்க." சொட்டு மருந்து குடுத்துச்சு. வெளிய வந்து ஆட்டுக்காரனுங்க முன்னாடி அந்தப் பொண்ணு மாதிரியே பேசிக் காட்டுனேன். அவனுக சிரிச்சானுங்க. பையில இருந்தது மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. குளிர்ல நடுங்குவாங்கல்ல, அந்த மாதிரி.

எங்க கையில மருந்து குடிக்கல. வாயத் தொறக்கல. தேங்காச் சில்லு வெச்சா மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. பஞ்சவர்ணம் அழுதுட்டா. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. எம்மவ குரல்ல கூப்புட்டேன். "மேஸ்திரி… வாடா தங்கம்… ஒரு வாயிடா… அக்கா சொன்னா கேக்கணும்ல." 

அண்ணே, காத வெடைச்சுச்சு. கண்ணு அப்படியே முழிச்சுக்கிச்சு. வாயத் தொறந்துச்சு. குடிச்சுச்சு. 

தெனம் அப்படித்தான். கடைக்குப் போறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம், நான் நாகஜோதி. பஞ்சவர்ணம் அடுப்படிக்குப் போயிருவா. "எம்பிள்ள வந்துட்ட மாதிரியே இருக்கு, என்னால கேக்க முடியலய்யா"ன்னு. 

அப்புறம் ஒரு நாளு, "வாடா தங்கம்"னேன், அது நிமிந்து பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. குரல் வர்ற பக்கமில்ல, நேரா என் கண்ணப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு. அதோட சரி. அதுக்கப்புறம் அந்தக் குரலுக்கும் வாயத் தொறக்கல. என்ன தப்பாச் சொன்னேன்னு எனக்குத் தெரியல. அதே குரலு, அதே இழுப்பு. அணிலுக்கெல்லாம் தெரிஞ்சிருமாண்ணே, ஏமாத்துறாங்கன்னு? தெரியாதுல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுது. சீக்கு முத்திருச்சு, அதான். 

என் உள்ளங்கையிலதான் போச்சு. நான் நாகஜோதி குரல்ல பேசிக்கிட்டே இருக்கேன், அது போயிருச்சு, நான் தெரியாம இன்னும் பேசிக்கிட்டு இருக்கேன். பஞ்சவர்ணம் வந்து என் வாயப் பொத்துனா. எம்மவ பழைய நைட்டிக் கைய வெட்டி, அதுல சுத்தி, கறிவேப்பிலைச் செடிக்கிட்டப் பொதைச்சுட்டோம்.

கண்டக்டர் டிக்கெட் கேக்குறாரு பாருங்க. குடுங்க. நான் ஏறுறப்பவே எடுத்துட்டேன். அணிலுக்கு டிக்கெட் உண்டான்னு கேட்டேன், மொறைக்கிறாரு.

அன்னைக்கிச் சாயங்காலம் எம்மவ போன் அடிச்சா. சொல்லிரலாம்னுதான் எடுத்தேன், சத்தியமா. அவ குரல்ல அன்னைக்கி என்னமோ சளி மாதிரி கட்டியிருந்துச்சு. பின்னாடி சம்பந்தியம்மா ரேடியோ. "அப்பா, மேஸ்திரிகிட்டக் குடுங்கப்பா"ன்னா. வேற ஒன்னும் பேசல. குடுங்கப்பா, குடுங்கப்பாங்குறா. என்ன செய்யச் சொல்றீங்க? 

ச்சிக் ச்சிக்குன்னேன்.

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சிரிச்சா. "மேஸ்திரி, நல்லாருக்கியாடா"ன்னா. அம்புட்டுத்தான், ஆரம்பிச்சிருச்சு. சித்திரையில ஆரம்பிச்சது, இந்தா ஆடி வந்துருச்சு. இன்னும் அவளுக்குத் தெரியாது. அவ்வளவு சுத்தமா செய்யிறேன். 

என்கிட்டப் பேசுனா "நல்லாருக்கேன்ப்பா, சாப்ட்டேன்ப்பா, அத்தை நல்லாப் பாத்துக்கிறாங்கப்பா." அது ஒரு குரலு. கடையில விலை சொல்ற மாதிரி, ஒரே மட்டத்துல. மேஸ்திரிகிட்ட வேற குரலு. மாடியில துணி காயப்போட வர்றப்ப போனை எடுத்துக்கிட்டு வந்து பேசுவா, காத்துல சேலை படபடன்னு அடிக்கிறது கேக்கும். "மேஸ்திரி, இங்க எல்லாரும் சாப்ட்டு மிச்சம் இருந்தாத்தான்டா எனக்கு. அப்பாகிட்டச் சொல்லிறாத." ச்சிக். "மேஸ்திரி, அவரு அடிக்கலடா. தள்ளித்தான் விட்டாரு. அம்மி மேல விழுந்துட்டேன். அப்பாகிட்டச் சொல்லாதடா." ச்சிக். "உன்னைய மாதிரி ஒரு காலு இழுத்துக்கிச்சுடா, இப்பப் பரவால்ல."

இல்லண்ணே, நீங்க அப்படிப் பாக்காதீங்க. அவ சின்னதுல இருந்தே அதுகிட்டக் கதை விடுவா. கத கத்திரிக்கா எல்லாம் வரும். கல்யாணமான புதுசுல பொம்பளப் புள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும்னு கடையில எல்லாரும் சொல்றாங்க. பஞ்சவர்ணம்தான் பிராணன வாங்குவா. "போய்க் கூட்டிட்டு வாய்யா, போய்க் கூட்டிட்டு வாய்யா." என்னன்னு சொல்லிக் கூப்புடுறது? நான் கேட்டா நல்லாருக்கேன்ங்குறா. சொன்னதெல்லாம் அணிலுகிட்ட. ஒரு அணிலுகிட்டச் சொன்னத வெச்சு சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நிக்க முடியுமாண்ணே? யாரு சொன்னான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன், மேஸ்திரி சொன்னான்னா? 

நீங்க சிரிக்க மாட்டேங்குறீங்க. சரி.

இப்ப இன்னொன்னு சொல்றேன், இதை யார்கிட்டயும் சொல்லல. வீட்டுல சத்தம் கேக்குதுண்ணே. நான் கத்தாதப்ப. நான் சோறு தின்னுக்கிட்டு இருப்பேன், வாயில கவளம் இருக்கும், பரண் மேல ச்சிக்குங்கும். பஞ்சவர்ணம் நிமிந்து பாப்பா. "நீயா?" இல்லன்னு தலைய ஆட்டுவேன். ரெண்டு பேரும் சாப்பாட்ட வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்போம். கூண்டத் தூக்கிப் போட விட மாட்டேங்குறா. தெனம் ஒரு தேங்காச் சில்லு வெக்கிறா. காலையில பாத்தா கொறிச்சிருக்கு. எலியாத்தான் இருக்கும். எலிதாங்குறேன். ஓரத்துல மட்டும் கொறிச்சு, நடுவுல விட்டிருக்கு. மேஸ்திரிதான் அப்படித் திம்பாரு.

கடையிலயும் வந்துருச்சு. வாசல்ல நின்னு, "வாங்கக்கா, உள்ள வந்து…" ச்சிக் ச்சிக் ச்சிக். நானா செய்யல. தொண்டை தானாப் பேசுது. வந்த அக்கா பயந்து படியில எறங்கிருச்சு. முதலாளி மொதநாளு சிரிச்சாரு. அப்புறம் சிரிக்கல. "சன்னாசி, கொஞ்ச நாளு உள்ள நின்னு துணி மடி"ன்னுட்டாரு. நான் எத்தனையோ பேரு குரல வாங்கி உள்ள வெச்சிருக்கேன், எல்லாம் கூப்புட்டா வரும், போன்னா போயிரும். இது ஒன்னுதான் போக மாட்டேங்குது. தூங்குறப்பக்கூடக் கத்துறேனாம். பஞ்சவர்ணம் சொன்னா. "எழுப்ப வேண்டியதுதானே"ன்னேன். "கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்"ங்குறா. அவளே ஒரு மாதிரி ஆயிட்டாண்ணே, இப்பல்லாம்.

ஆடி பொறந்துருச்சுல்ல. மொத ஆடிக்குப் பொண்ண அழைச்சுக்கிட்டு வரணும், ஊருல எல்லாரும் செய்யிறதுதான். போன் பண்ணிக் கேட்டேன். அந்தம்மா சொல்லுச்சு, "அட, ஆடிக்கெல்லாம் அனுப்பறதுக்கு இல்லீங். ஊட்ல வேலை கெடக்குதுங். நீங்க சீர மட்டும் கொண்டாந்து குடுத்துப்போட்டு, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்." சரிங்கம்மான்னுட்டேன். பஞ்சவர்ணம் அன்னைக்கி அடுப்படியிலயே பாயப் போட்டுப் படுத்துட்டா.

நேத்து மத்தியானம் எம்மவ கூப்புட்டா. மாடியில இருந்து. "அப்பா நாளைக்கி சீர் கொண்டாறேன்"னேன். "எந்த பஸ்ஸுப்பா"ன்னா. சொன்னேன். "மேஸ்திரிகிட்டக் குடுங்க"ன்னா. குடுத்தேன்னு வெச்சுக்கங்களேன். 

"மேஸ்திரி, நாளைக்கி அப்பா கூட நீயும் வாடா. கூண்டோட வா"ன்னா. ச்சிக்குன்னேன். அதுக்குத்தான் இந்தக் கூண்டு. துண்ட எடுக்காம நாலு சத்தம் குடுத்துட்டு, அவருக்குப் பிரயாணம் ஒத்துக்கலம்மான்னு திருப்பிக் கொண்டாந்துரலாம்னு திட்டம்.

அப்புறம் கேட்டா பாருங்க ஒரு கேள்வி. "மேஸ்திரி, நல்லாக் கேட்டுக்க. அப்பா நாளைக்கி என்னையக் கூட்டிட்டுப் போவாரா? போவாருன்னா ஒருவாட்டி கத்து. இல்லன்னா கத்தாத. நான் புரிஞ்சுக்கிறேன்."

அணிலுக்கு எப்படிண்ணே ஆமா, இல்ல தெரியும்? அதுகிட்டப் போய் இப்படிக் கேப்பாங்களா? நான் கத்துனேன்னு வெச்சுக்கங்க, சரியா ஒருவாட்டி கத்துனேன்னு வெச்சுக்கங்க, அப்ப இது அணிலு இல்ல, அப்பன்னு தெரிஞ்சு போயிரும்ல? இத்தன மாசம் காப்பாத்துனது போயிரும்ல? வாய இறுக்கி மூடிக்கிட்டேன். பல்லு வலிக்கிற அளவுக்கு மூடிக்கிட்டேன். அந்தப் பக்கம் சேலை மட்டும் அடிச்சுக்கிட்டு இருக்கு. அவ மூச்சு கேக்குது. காத்திருக்கா. நான் கத்தல. அவ காத்திருக்கா. 

ச்சிக்.

ஒன்னே ஒன்னு. 

சத்தியமா நான் இல்லண்ணே. எம்மவ மேல சத்தியமா. என் வாய் மூடியிருந்துச்சு. எனக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு. கொஞ்சம் கரகரன்னு, பழக்கமில்லாத மாதிரி, ஆனா ச்சிக்குத்தான். திரும்பிப் பாத்தேன். கூண்டு அப்படியே இருக்கு. அடுப்படி வாசல்ல பஞ்சவர்ணம் நிக்கிறா, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு. கண்ணுல தண்ணி. அவளும் பயந்துட்டா போல. "நீ கேட்டியா"ன்னேன். ஆமான்னு தலைய ஆட்டுனா. 

அவளா? என்னண்ணே நீங்க. அவளுக்கு விசிலே அடிக்கத் தெரியாது. இத்தன வருசத்துல ஒரு கோழியக்கூடக் கூப்புட்டுக் காட்டுனதில்ல. 

எம்மவ அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டா. "சரிடா மேஸ்திரி"ன்னா. வெச்சுட்டா.

செத்தது வந்து வாக்குக் குடுத்துட்டுப் போயிருக்கு, நான் எப்படி இல்லைங்குறது? ஆனா அந்தம்மாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு ராவெல்லாம் பழகுனேன். முதலாளி குரல்ல கேட்டுப் பாத்தேன், "பொண்ண அனுப்புங்க." அது கடன் வசூல் பண்ற மாதிரி இருக்கு. மைக்ல பேசுற மாதிரி பேசிப் பாத்தேன், ஓட்டுக் கேக்குற மாதிரி இருக்கு. என் குரல்ல கேட்டுப் பாக்கலாம்னு வாயத் தொறந்தா, என்ன வருதுங்குறீங்க? ச்சிக். 

இந்தா, இந்தப் பையப் பாருங்க. சீருக்குப் பை ரெண்டு குடுத்தா, சரி. மூனாவதா பெரிய பை ஒன்னு, காலியா, மடிச்சுக் குடுத்திருக்கா. இது எதுக்குடின்னேன். "வேணும்"னா. அவ்வளவுதான் பதில். காலிப் பையும் காலிக் கூண்டுமா அனுப்பி வெச்சிருக்கா எங்க வீட்டம்மா.

வந்துருச்சா? ஆமா, பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புது. பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. நீங்க முன்னாடி எறங்குங்க, எனக்குச் சாமான் இருக்கு. சம்பந்தி தெருவுக்கு ஆட்டோ… 

அண்ணே.

அந்தத் தூணுகிட்டப் பாருங்க. பழக்கடைக்குப் பக்கத்துல. மஞ்சச் சுடிதார். எம்மவண்ணே அது. இங்க எங்க வந்தா இவ? பக்கத்துல பெட்டி. நாங்க கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்த பெட்டி. அய்யய்ய. நான் இன்னும் அந்தம்மாகிட்டக் கேக்கவே இல்லையே. எப்படி எளைச்சிருக்கா பாருங்க. காலச் சாய்ச்சு நிக்கிறா.

பாத்துட்டா. என்னைய இல்ல, கூண்டப் பாக்குறா. கூண்டையே பாக்குறா. ஒரு சத்தம் குடுக்கணும் இப்ப. இருங்க. 

…

வரலண்ணே. இத்தன நாளு நிறுத்தச் சொன்னா நிக்கல, இப்ப வேணும்னா வர மாட்டேங்குது. தொண்டை வெறுசாக் கெடக்கு. 

போகட்டும். துண்ட எடுத்துர்றேன். எத்தன நாளைக்கு மூடி வெக்கிறது. இதப் பிடிங்க கொஞ்சம். ஜன்னல்கிட்டத் தூக்கிக் காட்டுறேன், இங்க இருந்தே பாத்துக்கட்டும், கிட்ட வந்து பாத்து மயங்கி கியங்கி விழுந்துட்டா?

ஜோதி. அம்மா ஜோதி. இங்க பாரும்மா. அப்பா வந்துட்டேம்மா.

…பாத்துட்டா. 

என்னண்ணே இவ. வெறுங்கூண்டப் பாத்தும் திடுக்குனு ஒன்னு இல்லையே. பெட்டியத் தூக்கிட்டு நேரா என்கிட்ட வர்றா.